கூரையில் மாட்டிய ஸ்பீக்கர்

சின்ன அறையில் தியேட்டர் அமைப்பது பெரிய அறையைவிடக் கஷ்டம், சார். கூரையில் மாட்டும் ஸ்பீக்கர்களை உட்காருபவரின் தலைக்கு நேர் மேலே வைக்கக் கூடாது. கொஞ்சம் முன்னால் தள்ளி, அவரைப் பார்த்துச் சாய்த்து மாட்ட வேண்டும். ராமகிருஷ்ணன் வீட்டில் நான் முதலில் குறித்தது அப்படித்தான். பென்சில் குறி இன்னும் அங்கே இருக்கும்.

வேங்கிக்காலில் அவர் தனக்காகக் கட்டிய புது வீடு அது. அவர் பில்டிங் கான்ட்ராக்டர். கீழ்பென்னாத்தூரில் எங்கள் வீட்டைக் கட்டியதும் அவர்தான். குடிபோன இரண்டாவது மழையில் படுக்கையறைக் கூரை இடிந்தது. என் மனைவி சிந்துஜா உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். மழைதான் காரணம் என்று முடித்துவிட்டார்கள். கருமாதிக்கு அவர் மாலையோடு வந்தார். "மேலேர்ந்து விழறது நம்ம கைலயா இருக்குது? விதிப்பா," என்றார். நான் அவரைக் கும்பிட்டேன்.

வேலைக்கு என்னைக் கூப்பிட்டபோது அவருக்கு என் முகம் நினைவில்லை. நானும் எதையும் மனதில் வைத்துக்கொண்டு போகவில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

கூரையில் துளை போட்டேன். டிரில் இறங்கவில்லை. பிட் மழுங்கிப் போயிற்று. எங்கள் வீட்டில் மின்விசிறிக்குத் துளை போட்டதும் நான்தான். அன்று மணலில் போவதுபோல் போனது. வேலை சுளுவாக முடிந்ததென்று சந்தோஷப்பட்டேன்.

ராமகிருஷ்ணன் கீழே நின்று சிரித்தார்.

"இன்னாய்யா, கூரைக்கு வலிக்கும்னு பாக்கறியா?"

"ரொம்பக் கெட்டியா இருக்குதுங்க."

"இருக்காதா பின்ன? என் வீட்டுக்குப் போட்டதுய்யா இது. ஊருக்குப் போட்டது இல்ல."

ஏணியிலிருந்து இறங்கித் தண்ணீர் குடித்தேன்.

"மொதல்ல யாருங்க உக்காருவாங்க?" என்று கேட்டேன்.

"எங்க வீட்டம்மாதான். எது வாங்குனாலும் அவ கை பட்டாதான் வெளங்கும்."

கார் வாங்கியபோதும் ராணியம்மாள்தான் முதலில் ஏறி உட்கார்ந்தாராம். நல்ல அம்மா. தினமும் காபி கொடுத்தார், நான் கேட்டபடி சர்க்கரை கம்மியாக. அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

ஏணியை நகர்த்தினேன். நடு நாற்காலிக்கு நேர் மேலே புதுத் துளைகள் போட்டேன். இருந்ததிலேயே கனமான ஸ்பீக்கர் பெட்டியை எடுத்தேன். அவ்வளவு நல்ல கான்கிரீட்டில் ஒன்றை நிற்காதபடி மாட்டுவது எளிதல்ல. போல்ட்டுகளைக் குட்டையாக வெட்ட வேண்டியிருந்தது.

ஏன் ராமகிருஷ்ணனை விட்டுவிட்டாய் என்று கேட்கிறீர்கள். அவர் இருக்க வேண்டும், சார். தினமும் காலையில் கண் விழித்ததும் அந்தக் கூரையைப் பார்க்க வேண்டும். நான் பார்க்கிறேன்.

வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்துக் கற்பூரம் காட்டினார்கள். ராணியம்மாள் பட்டுப்புடவையில் வந்து உட்கார்ந்தார். ராமகிருஷ்ணன் எதிரே நின்று செல்போனில் படம் எடுத்தார். நான் மழைச் சத்தத்தைப் போட்டேன்.

"ஐயே, தல மேலயே பெய்யுதுப்பா," என்று அந்த அம்மா அண்ணாந்து சிரித்தார்.

அப்போது சத்தம் பாதிதான். அந்த அளவு அதிர்வில் பெட்டி நின்றிருக்கும். அணைத்துவிடலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ரிமோட் என் கையில்தான் இருந்தது.

"இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி வைப்பா, வேணு," என்றார் ராணியம்மாள்.

அவர் கேட்டதால்தான் வைத்தேன், சார்.