மஞ்சள் கால் கதண்டும் என் சிரிப்பும்

ஏலம் மணக்கும் போடிநாயக்கனூரில் இம்மன்றத்துக்குத் தலைமை ஏற்று, எளியவனுக்கும் மேடை ஈந்த சங்கத் தலைவர் அவர்களே, மலையை உழைப்பால் மலர்த்திய பெரியோர்களே, விடியுமுன் ஜீப்பேறி வளைவு வளைவாய்ப் போடிமெட்டைக் கடக்கும் தாய்மார்களே, தேனீ வளர்க்கும் தோழர்களே, வணங்குகிறேன்.

நான் வேலுச்சாமி, தோட்டத்துக் கங்காணி. வேலை வாங்கிப் பழகிய வாய் இது, மேடைக்குப் புதிது. என்ன அண்ணே, சத்தம் பத்தலையா? இதோ, மைக்கை நெருங்கிவிட்டேன்.

ஏலப்பூவின் ஆயுள் எவ்வளவு? ஒரே பகல். அந்தப் பகலுக்குள் தேனீ தொட்டால் காய், தொடாவிட்டால் சருகு. அந்தத் தேனீயையே தின்ன ஒரு கதண்டு, பெருங்குளவி, வந்தால் நம் கதி என்ன?

வந்தது, ஐயா. எங்கள் தோட்டத்துக்கே வந்தது.

எங்களிடம் காய் எடுப்பவர் தேவாரம் ஊர்க்காரர் அமுதவள்ளி. போன ஆனியில், ஓடையோரம் புதுக் கதண்டு பார்த்ததாகச் சொன்னார். வேளாண் அதிகாரிகள் மலையேறி வந்து பார்த்தார்கள். அது நம் ஊர்க் கதண்டுதான். வந்தவர்கள் கோபிக்கவில்லை. ஆனால் ஒருவன், "அமுதவள்ளிக்குக் கொசுவும் கதண்டாத் தெரியுது" என்று ஆட்கள் முன்னால் சிரித்தான். தோட்டமே சேர்ந்து சிரித்தது. சிரித்தவன் யார்? உங்கள் முன் நிற்கும் நான்தான்.

அடுத்த மாதம் எங்கள் தோட்டத்துத் தேனீப் பெட்டிகளின் முன்னால் வேறொன்று பறந்தது. உடல் கறுப்பு, கால் நுனிகளோ மஞ்சளில் தோய்த்தது போல. பெட்டி வாசலைப் பார்த்தபடி அந்தரத்தில் நின்று, வீடு திரும்பும் தேனீக்களை ஒவ்வொன்றாகப் பிடித்தது. பின்னாலேயே அதன் கூட்டமும் வந்தது. அமுதவள்ளி பார்த்தார், பார்த்தும் பேசவில்லை. என் சிரிப்பு அவர் வாயைக் கட்டியிருந்தது. இரண்டே நாளில், பன்னிரண்டு பெட்டிகளில் நான்கு சத்தமில்லாமல் அடங்கின.

மூன்றாம் நாள் அவர் மனம் பொறுக்கவில்லை. தூர நின்று செல்போனில் படம் எடுத்தார். தேனீக்கள் மொய்த்துக் கொன்றுபோட்ட கதண்டு ஒன்றைக் குச்சியால் தள்ளித் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டார். என்னிடம் சொல்லாமலே ஜீப்பேறிப் போடி வேளாண் அலுவலகத்துக்கு வந்து நின்றார்.

"போன தடவ தப்பாச் சொன்னவதான் சார் நானு. இதுவும் தப்பா இருந்தா இருந்துட்டுப் போகுது. காலை மட்டும் பாருங்க."

அதிகாரி பார்த்தார். உடனே போனை எடுத்தார்.

மறுநாளே வல்லுநர்கள் வந்தார்கள். கூட்டைக் கொளுத்த நான் தீப்பந்தம் கட்டினேன். கூடு கலைந்தால் தப்பியவை அடுத்த மலையில் குடியேறும் என்று தடுத்துவிட்டார்கள். கதண்டு பறக்கும் திசை பார்த்து, உயர்ந்த மரமொன்றின் உச்சியில் கூட்டைக் கண்டு, கவச உடையோடு ஏறி முழுதாக இறக்கினார்கள். எட்டுப் பெட்டிகள் பிழைத்தன.

அதே ஆட்கள் முன்னால் அமுதவள்ளியிடம், "நான் சிரிச்சது தப்பு, ஆத்தா" என்றேன். அவர் சொன்னார்: "அந்த ரெண்டு நாளு நானும் வாயத் தொறந்திருக்கணும்ணே. அதுதான் மனசு ஆற மாட்டேங்குது."

அங்கே ஒரு தாய் இரண்டு கதண்டுக்கும் வித்தியாசம் கேட்கிறார். நல்ல கேள்வி, ஆத்தா. நம் ஊர்க் கதண்டுக்கு வயிற்றில் அகலமான மஞ்சள் பட்டை, கால் கறுப்பு. இதற்குக் கால் நுனி மஞ்சள். கூட்டைத் தொடாதீர்கள், படம் எடுங்கள், அன்றைக்கே வேளாண் அலுவலகத்தில் சொல்லுங்கள்.

தப்பாகச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? ஓர் அதிகாரி மலையேறி இறங்குவார், அவ்வளவே. சொல்லாமல் விட்டால்? பெட்டி அடங்கும், பூ உதிரும், மலை மௌனமாகும். கங்காணிகளே, முதலாளிகளே, சொல்ல வருகிறவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அந்த நான்கு பெட்டிகளில் கதண்டு கொன்றது பாதி. என் சிரிப்பு கொன்றது பாதி.

இன்று அமுதவள்ளியைத்தான் மேடைக்கு அழைத்தார்கள். மலையில் பூ எடுத்திருக்கும் நேரம், பெட்டிகளை விட்டு வர மாட்டேன் என்றுவிட்டார். அவர் சார்பில், பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி கூறி, கைகூப்பி அமர்கிறேன். வணக்கம்.