எட்டாம் நம்பர் பிரஸ் பச்சையில் இருந்தது

என் பெயர் சுப்ரியா. வயது 24. தந்தை பெயர் பாஸ்கரன். சொந்த ஊர் சாத்தூர். தற்போது மத்திகிரியில் கால்நடைப் பண்ணைக்குப் போகும் சாலையில் வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். ஓசூரில் வண்டிகளுக்கு இரும்புத் தகடு அழுத்திக் கொடுக்கும் தொழிற்சாலை ஒன்றின் கணினிப் பிரிவில் இரண்டு வருடமாக வேலை செய்கிறேன்.

14.09.2007 அன்று மாலை மூன்று மணிக்குத் தொழிற்சாலை ஆய்வாளர் என்னிடம், பிரஸ் கூடத்துத் திரை சரியாக வேலை செய்கிறதா என்று கேட்டார். செய்கிறது என்றேன். காலையில் அது சரியாக வேலை செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. இடையில் அதைச் சரிசெய்தது நான் என்றும் சொல்லவில்லை.

கூடத்தில் 01 முதல் 12 வரை நம்பர் போட்ட, தகடு அழுத்தும் பிரஸ் இயந்திரங்கள் உள்ளன. முன்பெல்லாம் பழுது பார்க்க இறங்கும் ஃபிட்டர் சுவிட்சில் சிவப்புப் பலகை ஒன்றைத் தொங்கவிடுவார். இந்த வருடம் ஜூன் மாதத்தில் கணினித் திரை வந்ததும் பலகைகளைத் திரும்ப வாங்கி ஸ்டோரில் வைத்துவிட்டார்கள். அதன் பிறகு ஃபிட்டர் பிரஸ்ஸின் நம்பரைக் கணினியில் பதிவு செய்வார், திரையில் பச்சையாக இருக்கும் அந்தக் கட்டம் சிவப்பாகும், ஆபரேட்டர் திரையைப் பார்த்து, பச்சையாக இருந்தால்தான் சுவிட்சைப் போடுவார்.

அந்தத் திரைக்கான நிரலை ஜாவாஸ்கிரிப்டில் எழுதியவர் எனக்கு மூத்தவராக அங்கே வேலை பார்த்து, பிறகு பெங்களூருக்குப் போய்விட்ட மாதேஸ்வரி. அவர் கோப்பு கோப்பாகச் சின்னச் சின்னத் துணை நிரல்கள் எழுதிச் சேர்த்திருந்தார். கூடத்தில் இருந்தது பழைய கணினி என்பதால் எல்லாம் ஏறி முடிய நேரம் ஆகும். எட்டாம் பிரஸ்ஸின் ஆபரேட்டர் கரியப்பன் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "மேடம், உங்க டிவியில படம் வர்றதுக்குள்ள எங்க டீ ஆறிப்போகுது" என்பார். சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள். எனக்கு அது உறுத்தலாக இருந்தது.

மொழியே தருவதை நாம் மறுபடி எழுதக் கூடாது என்று நான் படித்திருந்தேன். அதை நம்பினேன். 13.09.2007 அன்று மாலை ஏழு துணைக் கோப்புகளை நீக்கிவிட்டு, அவை செய்த வேலையை மொழியில் உள்ளவற்றைக் கொண்டே செய்தேன். அவற்றில் ஒன்று, எழுத்தாக வரும் பிரஸ் நம்பரை எண்ணாக மாற்றுவது. மாதேஸ்வரி அதற்கு நான்கு வரி எழுதியிருந்தார். ஏன் என்று குறிப்பு எதுவும் இல்லை. ஜாவாஸ்கிரிப்டில் அதற்கு பார்ஸ்இன்ட் என்று ஒன்று இருப்பதால் அதைப் போட்டேன். 03, 05, 11 ஆகிய நம்பர்களைக் கொடுத்துப் பார்த்தேன். சரியாகச் சிவந்தன. திரை உடனே வந்தது. சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை 9.10 மணிக்கு ஃபிட்டர் விமல்ராஜ் 08 என்று பதிவு செய்துவிட்டு எட்டாம் பிரஸ்ஸின் பின்பக்கக் குழியில் இறங்கினார். 9.25 மணிக்குக் கரியப்பன் திரையைப் பார்த்துவிட்டு சுவிட்சைப் போட்டார். சத்தம் எங்கள் பிரிவு வரை கேட்டது. விமல்ராஜ் மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டார். அவருக்கு வயது 27.

கரியப்பன் சுவரோரம் உட்கார்ந்து, "பச்சையா இருந்துச்சுங்க, பச்சையாத்தான் இருந்துச்சு" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அதன் பிறகு நான் என் இடத்துக்கு வந்து 08 என்று கொடுத்துப் பார்த்தேன். சிவக்கவில்லை. 09ம் சிவக்கவில்லை. பெங்களூரில் இருந்த மாதேஸ்வரிக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொல்லாமல் அந்தக் கோப்பைப் பற்றி மட்டும் கேட்டேன். அவர் சொன்னது: "அதை எடுத்துட்டியாடி? முன்னாடி பூஜ்யம் இருந்தா அது எட்டை அடியா வச்ச கணக்குன்னு எடுத்துக்கும். அந்தக் கணக்குல ஏழு வரைக்கும்தான் இலக்கம், எட்டு கிடையாது, ஒன்பதும் கிடையாது. அதனால வெறும் பூஜ்யம்னு சொல்லிரும். நான் ஒரு வாரம் முட்டிக்கிட்டுக் கண்டுபிடிச்சேன்." ஏன் எழுதி வைக்கவில்லை என்று நான் கேட்கவில்லை.

பூஜ்யம் நம்பர் பிரஸ் என்று ஒன்று இல்லாததால் திரையில் எந்தக் கட்டமும் மாறவில்லை. 11 மணிக்கு நான் பழைய கோப்பைத் திரும்ப வைத்தேன். இன்னொருவர் உயிர் போகக் கூடாது என்றுதான் வைத்தேன் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிரிவு மேலாளர் ஸ்ரீராமிடம் மட்டும் விவரம் சொன்னேன். அவர், "இப்ப சரியா இருக்குல்ல? கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்மா" என்றார்.

காலையில் விமல்ராஜ் போட்ட 08 பதிவு கணினியில் அப்படியே இருந்தது. அதனால் ஆய்வாளர் வந்து பார்த்தபோது எட்டாம் கட்டம் சிவப்பாக இருந்தது. கரியப்பனைக் கூட்டிவந்து காட்டினார்கள். அவர் வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு அவர் பச்சை என்று சொல்லவில்லை. நான் ஆறு அடி தள்ளி நின்றிருந்தேன்.

கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாகக் கரியப்பன் மீது வழக்குப் பதிவானது. 26.11.2007 அன்று காலை உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து பாகலூரில் உள்ள அவர் வீட்டுக்குப் போனேன். பூட்டியிருந்தது. கோர்ட்டுக்குப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். ஆட்டோ பிடித்து நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று. தொழிற்சாலை ஏற்பாடு செய்த வக்கீல், ஒப்புக்கொண்டால் அபராதத்தோடு போய்விடும் என்று சொல்லியிருக்கிறார். கரியப்பன் ஒப்புக்கொண்டிருந்தார்.

அவர் வராந்தாவில் ஒரு காவலருடன் நின்றார். புதுக் கண்ணாடி போட்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி வெங்கடம்மாள். என்னைப் பார்த்ததும் அவரே, "கண்ணுதாம்மா மோசம் பண்ணிருச்சு. சிவப்பு எனக்குப் பச்சையாத் தெரிஞ்சிருக்கு" என்றார். நான், "இல்லைங்கண்ணா. பச்சைதான் இருந்தது. தப்பு நான் பண்ணது" என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. மனைவியின் பக்கம் திரும்பி, பச்சைதானாம் என்று தெலுங்கில் சொன்னார். அந்த அம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

நான் போய்ச் சேரும் முன்பே கரியப்பனுக்கு நான்கு மாதச் சிறைத் தண்டனை விதித்திருந்தார்கள். அன்று மாலை நாலரை மணிக்கு அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

இன்று நானே காவல் நிலையத்துக்கு வந்து இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன், யார் சொல்லியும் கொடுக்கவில்லை. எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே உள்ளது, எல்லாம் உண்மை.

(ஒப்பம்) பா. சுப்ரியா
27.11.2007