பெர்ல் கல்யாணராமனும் ராகுகாலமும்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் பேராசிரியர் வேம்பு அவர்களே, தெற்கு மாடவீதியே அடைத்துப்போகும்படி திரண்டிருக்கும் மயிலாப்பூர்ப் பெருமக்களே, முன்வரிசையில் கண் கலங்கி உட்கார்ந்திருக்கும் கல்யாணராமனின் மகள் மாளவிகாவே, வணக்கம்!

தி.நகர் நல்லசிவம் பட்டு மாளிகை தெரியாதவர் உண்டா? அந்த நல்லசிவம் நான்தான். படிப்பு எட்டாம் வகுப்பு. ஆனால் ஆசியாவிலேயே முதன்முதலில் இன்டர்நெட்டில் சேலை விற்றவன் நான்! அதை எழுதிக் கொடுத்தவர் யார்? பெர்ல் கல்யாணராமன்! பெர்ல் என்றால், பெரியோர்களே, கம்ப்யூட்டருக்குப் புரிகிற ஒரு மொழி. இன்டர்நெட் கடையில் ஆர்டர் வாங்குவது, பில் போடுவது எல்லாம் அதுதான். அவர் அதை எழுதும்போது கீபோர்டில் புகை வரும். என் கண்ணால் பார்த்தேன்!

நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். ராகுகாலத்தில் ஆர்டர் எடுக்கக் கூடாது.

"என்னங்காணும், இன்டர்நெட்டுக்கு ஏது ராகுகாலம்?" என்றார்.

"கடை யாருது?" என்றேன். சிரித்துக்கொண்டே எழுதிவிட்டார்.

வந்தது வினை! ஒரு ஞாயிறு மாலை, அமெரிக்காவிலிருந்து கோமளம் என்று ஓர் அம்மா போனில் கத்துகிறார். "மக கல்யாணத்துக்குச் சேலை எடுக்க உட்கார்ந்தா, ராகுகாலம், அப்புறம் வாங்கன்னு கம்ப்யூட்டர் விரட்டுது! இங்க இப்பத்தான் பொழுதே விடியுது. எங்க ராகுகாலம் எங்களுக்குச் சாயங்காலம்தான் வரும்!"

நியாயம்தானே? காபி ஆறுவதற்குள் கல்யாணராமன் மாற்றினார். இன்று வாங்குகிறவர் எந்த ஊரோ, அந்த ஊர் ராகுகாலம்! உலகத்தில் வேறு எந்தக் கடைக்கு இது உண்டு?

அப்பேர்ப்பட்ட பெர்லுக்கு இப்போது மவுசு இல்லையாம். வடபழனி பஸ் முதுகில்கூட ஜாவா என்கிற புது மொழிக்கு வகுப்பு விளம்பரம்! என் பங்குதாரர் சாய்நாத், இதோ மேடையில்தான் இருக்கிறார், என்ன சொன்னார்? "அண்ணாச்சி, பெர்லும் போச்சு, கல்யாணராமனும் போயிட்டார். எல்லாத்தையும் தூக்கிட்டு ஜாவாவுல போட்டுரலாம்." போட்டுவிட்டால் அந்த மனிதர் எழுதியதில் ஒரு வரி மிஞ்சுமா? அப்பாவோடு சேர்ந்து அதைப் பார்த்துக்கொண்ட மாளவிகாவுக்கு அங்கே வேலைதான் மிஞ்சுமா?

ஜாவாவில் எழுதித் தருகிறோம் என்று டை கட்டிய ஆட்களும் வந்தார்கள். "ராகுகாலம் உண்டா?" என்றேன். "அது எந்தக் கம்பெனி சாஃப்ட்வேர் சார்?" என்றார்கள்!

நேற்று மாளவிகாவைக் கேட்டேன். "மாமா, ஜாவா எனக்கும் தெரியும். வாங்கறவா பார்க்கிற முன்பக்கத்தைப் புதுசா பண்ணித் தரேன். உள்ள அப்பா எழுதினது நன்னா ஓடிண்டிருக்கு. ஓடறதை ஏன் நிறுத்தணும்?"

ஏன் நிறுத்த வேண்டும்? சாய்நாத், குனியாதீர்கள், உங்களைத்தான் கேட்கிறேன்! மவுசு குறைந்தால் செத்துப்போனதாக அர்த்தமா? அரக்கு பார்டர் ஒழிந்தது என்றீர்களே, இந்தத் தீபாவளிக்கு அதற்காகக் கடை வாசலில் அடிதடியே நடந்ததே! ஆ, தலையாட்டிவிட்டார்! சபையோரே, நீங்களே சாட்சி!

கல்யாணராமனே, நூற்றாண்டு மாறட்டும், புதுசு வரட்டும். உம்முடைய எழுத்து அதன் பக்கத்திலேயே ஓடும். இது நல்லசிவம் வாக்கு! மாளவிகா, நாளை முதல் நம் இன்டர்நெட் கடை முழுவதும் உன் பொறுப்பு. நாளைக்குத் திங்கட்கிழமை. ஒன்பது மணிக்கு மேல் வா, அம்மா. அதற்கு முன்னால் உன் அப்பா எழுதினது உன்னையே உள்ளே விடாது!