எலிக்கம்பி

எலி வயலின் ஓரத்தைத் தொடாது, ஐயா. நடுவில்தான் வெட்டும். வரப்பில் நின்று பார்த்தால் பயிர் பச்சைப்பசேலென்று இருக்கும்; உள்ளே இறங்கினால்தான் மொட்டையாகக் கிடப்பது தெரியும். அதனால் எங்கள் சும்பெர்வுனி கிராமத்தில் ஒருவர் வயலைச் சுற்றிக் கம்பி கட்டி மின்சாரம் விட்டால் மற்றவர்கள் குறை சொல்வதில்லை. நானும் சொன்னதில்லை.

காலையிலிருந்து இந்தப் போலீஸ் ஸ்டேஷனில் இரண்டு தடவை என்னை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டீர்கள். ஊர் மன்றத்தில் பேசி முடித்தாயிற்று, முத்திரைத்தாளில் இரண்டு தரப்பும் கைநாட்டு வைத்தாயிற்று, இனி இதில் வழக்கு இல்லை என்கிறீர்கள். அந்தப் பேச்சைத்தான் நான் ஏற்கவில்லை. பேனாவை எடுங்கள். என் பெயர் துமிரா. வயது நாற்பத்தாறு.

என் கணவர் லசிமான் போன போகத்தில் இறந்தார். விடியற்காலைத் தொழுகை முடித்து, வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடப் போனார். மடைக்குப் போகும் வழி, பக்கத்து வயல்காரன் ஹர்ஜிதோ எலிக்கம்பி கட்டியிருந்த வரப்பு. விடிந்ததும் கம்பியை அணைக்க வேண்டும் என்பது ஊர்க் கட்டுப்பாடு. மின்சாரம் ஓடும்போது பம்ப் செட் கொட்டகையின் மேல் ஒரு விளக்கு எரிய வேண்டும் என்பதும் கட்டுப்பாடு. அவன் கொட்டகை விளக்கு பியூஸ் போய் ஒரு மாதமாகியிருந்தது. ஹர்ஜிதோ அன்று இருட்டோடு எழுந்து, கூண்டுப் புறாவைத் தூக்கிக்கொண்டு, நகரத்தில் புறாக்களைக் கூவவிட்டுப் பரிசு கொடுக்கிறார்களே, அந்தப் புறாப் போட்டிக்குப் போய்விட்டான். அணைக்க மறந்துவிட்டான். லசிமான் கிடந்ததை வாத்து மேய்ப்பவர் ஒருவர்தான் பார்த்தார். வாத்துகள் அந்தப் பக்கம் போக மறுத்து நின்றனவாம். அப்போது வெயில் நன்றாக ஏறியிருந்தது.

மன்றத்தில் ஹர்ஜிதோ அழுதான். பெரிய குரலில் அழுதான். இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டார்கள், ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து குடிக்க வைத்தார். எனக்கு யாரும் தண்ணீர் தரவில்லை. நான் அழாததால் இருக்கலாம்.

"இது யாரும் வேணும்னு செஞ்சதில்ல," என்றார் ஊர்த்தலைவர். "வந்த விதி. நாம எல்லாம் ஒரே குடும்பம். குடும்பத்துக்குள்ள போலீசு எதுக்கு?"

நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "அந்தக் கம்பிய அவுக்கச் சொல்லுங்க."

"அறுப்புக்கு மூணே வாரம்தான் இருக்கு துமிரா. அதுவரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்க."

பொறுத்துக்கொண்டேன். ஏழாம் நாள் விருந்துக்கு ஹர்ஜிதோ ஓர் ஆடும் ஒரு மூட்டை அரிசியும் அனுப்பினான். தங்கமான மனுஷன் என்று ஊரே சொன்னது. நாற்பதாம் நாள் ஓதி முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவன் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது அடுப்படியில் நின்ற என் காதில் விழுந்தது.

"லசிமான் அண்ணன் கொஞ்சம் குனிஞ்சு பாத்திருக்கலாம். புதுக் கம்பி, பளபளன்னுதான கெடந்துச்சு."

பக்கத்தில் இருந்தவர் தலையாட்டிவிட்டு இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டார். நான்தான் ஊற்றினேன். 

ஹர்ஜிதோவின் மனைவி சுகேசியைப் பற்றியும் எழுதிக்கொள்ளுங்கள். கெட்டவள் இல்லை. ஏழு நாளும் என் வீட்டில் பாத்திரம் துலக்கினாள். அதற்கப்புறமும் வாரத்துக்கு இரண்டு தடவை பொரித்த சோயா டெம்பேயும் தேங்காய்ப்பால் குழம்பும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். என் முகத்தை நேராகப் பார்க்க மாட்டாள். அவள் ஒருத்திதான் அந்த ஊரில் அப்படி வெட்கப்பட்டவள்.

இந்தப் போகத்தில் நாற்று நட்டு ஒன்றரை மாதம் ஆனதும் ஹர்ஜிதோவின் வீட்டுக்குப் போனேன்.

"என் வயல்லயும் எலி எறங்கிடுச்சு தம்பி. ஒத்தப் பொம்பளையா என்ன பண்றது. நீயே வந்து கம்பி கட்டிக் குடு."

அவன் கண் கலங்கிவிட்டது. "அக்கா, நீங்க எங்கிட்ட வந்து கேட்டீங்களே, அது போதும் எனக்கு."

ஒரு நாள் முழுக்க வெயிலில் நின்று மூங்கில் குச்சி நட்டு, கம்பி இழுத்து, என் பம்ப் செட் கொட்டகையில் சுவிட்சு மாட்டிக் கொடுத்தான். "காலையில மறக்காம அணைச்சிடுங்க அக்கா," என்று மூன்று தடவை சொன்னான். ஊருக்கே நிம்மதி. துமிரா மனசு ஆறிடுச்சு என்றார்கள். தலைவர் வழியில் சைக்கிளை நிறுத்தி என்னைப் பாராட்டிவிட்டுப் போனார்.

நான் நிதானமாகத்தான் செய்தேன். கோபத்தில் செய்ததாக எழுதிவிடாதீர்கள். ஹர்ஜிதோ தினமும் காலையில் தன் மடையைப் பார்க்க வருவான். இரண்டு வயலுக்கும் பொதுவாக ஒரு வரப்பு; அதற்குச் சற்றுத் தள்ளி இன்னொரு வரப்பு. இரண்டு வழியாகவும் மடைக்கு வரலாம். பொது வரப்பில் புல் உயர்ந்த இடமாகப் பார்த்துக் கம்பியை நடக்கும் தடத்துக்கு ஒரு முழம் நகர்த்தினேன். கொட்டகை மேலிருந்த விளக்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். பிறகு மின்சாரத்தை அணைக்காமல் சுவிட்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நன்றாக விடிந்து, மலைமேல் பனி விலகி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ரோட்டில் போய்க்கொண்டிருந்த நேரம்.

வந்தது சுகேசி.

அவன் மறுபடி புறாப் போட்டிக்குப் போயிருந்தான். மடை பார்க்கும் வேலையை மனைவியிடம் விட்டிருக்கிறான். அவள் ஒரு கையில் மண்வெட்டியும் இன்னொரு கையில் தேக்கிலையில் கட்டிய சோறுமாக, வெறுங்காலோடு வந்தாள். தூரத்திலேயே என்னைப் பார்த்துவிட்டாள்.

"அக்கா, சாப்டீங்களா? உங்களுக்கும் சேத்துத்தான் கட்டியாந்தேன்."

சுவிட்சு என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. இதையும் எழுதுங்கள். நேரம் இருந்தது. யோசித்தேன். ஹர்ஜிதோ செத்தால் அவனுக்கு என்ன தெரியப்போகிறது? ஒரு நொடி, அவ்வளவுதான். பாயில் பாதி இடம் காலியாகக் கிடப்பதும், ஒரு ஆளுக்கு மட்டும் அரிசி களைவதும், செத்தவருக்கா தெரிகிறது? இருப்பவருக்குத்தான் தெரியும். அப்படிப் பார்த்தால் அவள் வந்ததுதான் சரி என்று பட்டது. நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.

பிறகு அணைத்துவிட்டு ஆட்களைக் கூப்பிட்டேன்.

மறுநாளே மன்றம் கூடியது. அதே கூடம், அதே பாய், அதே தலைவர். மனப்பாடம் செய்தவர் மாதிரி சொன்னார்: யாரும் வேண்டுமென்று செய்ததில்லை, வந்த விதி, ஒரே குடும்பம். நான் ஆடும் அரிசியும் அனுப்ப ஏற்பாடு செய்திருந்தேன். ஹர்ஜிதோ எழுந்து என்னைத் திட்டுவான், அடிக்க வருவான், கொலைகாரி என்று கத்துவான் என்று காத்திருந்தேன். அந்தச் சொல்லை அவன் வாயிலிருந்து கேட்க வேண்டும். அவன் சொல்லிவிட்டால் அவனுக்கும் அந்தச் சொல் பொருந்தும் இல்லையா?

அவன் மெல்ல எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். இந்தத் தடவை சத்தமே இல்லாமல் அழுதான்.

"உங்க மேல தப்பில்ல அக்கா. கம்பி கட்டுனதே நான்தான. என்னோட பாவம் அவளப் போய்ச் சேந்துடுச்சு. உங்கள நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

கைநாட்டு வைத்தான். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். என் கட்டைவிரலையும் பிடித்து மையில் அழுத்தினார்கள்.

ஐயா, அன்றிலிருந்து நான் தூங்கவில்லை. சுகேசியை நினைத்து அல்ல. என்னை மன்னிக்க அவன் யார்? சுகேசி செத்தது விதி என்றால் லசிமான் செத்ததும் விதியாகிவிடும். நான் விடமாட்டேன். சுகேசியைக் கொன்றது நான். லசிமானைக் கொன்றது ஹர்ஜிதோ. இரண்டையும் ஒரே தாளில், ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். அதற்காகத்தான் பதினாறு கிலோமீட்டர் பஸ்ஸில் வந்தேன்.

எழுத முடியாது என்கிறீர்கள். சும்மா உட்கார்ந்திருந்ததைக் கொலை என்று எப்படி எழுதுவது, பார்க்காமல் இருந்திருப்பீர்கள், பயத்தில் வாய் அடைத்திருக்கும் என்கிறீர்கள். நீங்களும் தலைவர் மாதிரியே பேசுகிறீர்கள்.

சரி, மீதியையும் சொல்கிறேன். இரண்டு வரப்பும் பிரியும் இடத்தில் அவள் நின்றாள். மழை பெய்து எங்கும் சகதி. "எந்த வழியா வரட்டும் அக்கா?" என்று கேட்டாள். நான் கையை நீட்டிப் பொது வரப்பைக் காட்டினேன்.

"இப்படி வா சுகேசி. இங்க சேறு இல்ல."