விதைத்தவரைக் கேட்ட டாக்டர் சாரங்கபாணி

அவைத் தலைவர் அவர்களே, கால்நடைத் துறை நண்பர்களே, வலங்கைமானிலிருந்து வெயிலில் வந்து, நாற்காலி போட்டும் உட்காராமல் நிற்கிற நாகம்மாள் அம்மா அவர்களே, எல்லோருக்கும் பக்கீர் முகம்மதுவின் வணக்கம். இந்த மண்டபத்தில் இவ்வாண்டு நான் பேசும் மூன்றாவது இரங்கல் கூட்டம் இது. களைத்துவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செம்மறி ஆட்டுக்கும் மேய்ச்சலுக்கும் பதினெட்டு ஆண்டுகளைக் கொடுத்தவர் டாக்டர் சாரங்கபாணி! நெல் விளைகிற தஞ்சையில் ஆட்டுக்கென்ன ஆராய்ச்சி என்று சிரிக்காதவர் யார்? அவருக்கு உதவியாளனாக இருந்துகொண்டே நானும் சிரித்தவன்தான். அவரோ அறுவடையான வயலில் ஆடு எதைத் தின்கிறது, எவ்வளவு எடை ஏறுகிறது என்று நாள்தோறும் நோட்டில் எழுதினார்.

குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்யக் கழக ஆட்சி சட்டம் கொண்டுவந்த நேரம். ஒரு மிராசுதார் எங்களை அழைத்து, "நம்ம வயல்தான், தாராளமா மேய்ச்சுக்கங்க" என்றார். அறுபது ஆடுகளை விட்டோம். நெல்தாளுக்கு நடுவே உளுந்து செழித்திருந்தது. அவர் விதைத்ததை அவரே தருகிறார் என்று மகிழ்ந்துபோனோம்!

மூன்றாம் நாள் நாகம்மாள் அம்மா ஓடிவந்தார். "யாரைக் கேட்டு ஆட்டை விட்டீங்க? வெதச்சது நாங்கய்யா!"

அவர் கணவர் காயாரோகணம்தான் அந்த வயலின் குத்தகைதாரர். கையில் காகிதம் கிடையாது. தாசில்தார் பார்வையிட வரும்போது காட்ட, நின்ற உளுந்து ஒன்றுதான் சாட்சி. அதைத்தான் எங்கள் ஆடுகள் தின்று தீர்த்திருந்தன. பட்டாவில் பெயருள்ளவரைக் கேட்டோமே தவிர, விதைத்தவரைக் கேட்டோமா?

தாசில்தாரிடம் சாட்சி சொல்லக் கிளம்பிய டாக்டரை, "சும்மா இருங்க சார், இனிமே யாரும் நிலம் தரமாட்டாங்க" என்று தடுத்தவன் நான். இன்றும் அதை நினைத்தால் கூசுகிறது. அவர் நோட்டோடு விசாரணைக்குப் போனார். மிராசுதார், "நானே சாகுபடி பண்ற நெலம், அறுப்புக்கப்புறம் தரிசாத்தான் கெடந்துச்சு" என்றார். டாக்டர் நோட்டைப் பிரித்து வைத்தார்: வயல் முழுக்க உளுந்து, அறுபது ஆடுகளுக்கு மூன்று நாள் தீனி. தன் வயலில் என்ன விளைந்தது என்றே தெரியாதவர் எப்படிச் சாகுபடி செய்தவர் ஆவார் என்று தாசில்தார் கேட்டார். காயாரோகணத்தின் பெயர் பதிவேட்டில் ஏறியது.

அதன்பின் எந்த மிராசுதாரும் எங்களுக்கு வயல் தரவில்லை. ஐந்து ஆண்டுகள் வாய்க்கால் கரையிலேயே மேய்த்தோம். அறுபது ஆடுகள் இருபத்தெட்டாயின. அவர் நொந்துதான் போனார், ஆனால் அன்று தடுத்ததற்காக என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. நோட்டில் மட்டும் ஒவ்வொரு பக்கத்திலும் முதல் கட்டமாக ஒன்றைச் சேர்த்தார்: விதைத்தவர் பெயர்.

பெரிய சபதமெல்லாம் செய்ய எனக்குத் தெம்பில்லை. ஆனால் சற்று முன் வாசலில் நாகம்மாள் அம்மா சொன்னார்: "உளுந்து எடுத்தாச்சுய்யா. நாளைக்கு ஆட்டை நம்ம வயலுக்கு ஓட்டிக்கிட்டு வாங்க."

நாளைக் காலை ஓட்டிப் போகிறேன், டாக்டர் அவர்களே. முதல் கட்டத்தில் காயாரோகணம், நாகம்மாள் என்று எழுதிவிட்டுத்தான் ஆட்டை வயலில் இறக்குவேன்.