இந்த டேங்க் முடியட்டும்

— ஆஸ்பத்திரிக்குன்னு சொல்லித்தானே வண்டியை எடுத்தீங்க? இங்க எதுக்குங்க நிறுத்தினீங்க?

— ஒர்க்‌ஷாப் வாசல்ல நிறுத்தினா ஒர்க்‌ஷாப்புக்கு வந்திருக்கோம்னு அர்த்தம். இறங்கு, பின்சீட்டைக் கழட்டணும். டேய் ஸ்பேனர்! இருக்கியா, இல்ல ஏதாவது வண்டிக்கு அடியில படுத்துத் தூங்கிட்டியா?

— வந்துட்டேன் சார்! வாங்கக்கா. சத்தியமா சொல்றேன் சார், உங்க வண்டி சத்தம் கேட்டாலே எனக்குக் கை துறுதுறுங்குது. டயர்ல காத்தைக் கல்லு மாதிரி ஏத்தியாச்சு, முன்பக்கம் காத்து புகாம அட்டை வச்சு அடைச்சாச்சு. இன்னிக்கு எதுல கை வைக்கறோம்?

— பின்சீட்டுல. அதாவது, எடை குறைஞ்சா பெட்ரோல் குறையும். நாங்க ரெண்டே பேர். பின்னாடி உக்கார யார் இருக்கா? இவ ஒண்ணு பெத்துக் குடுத்திருந்தாலாவது சீட்டுக்கு வேலை இருந்திருக்கும்.

— தம்பி முன்னாடி இதெல்லாம் எதுக்குங்க?

— கணக்கைச் சொன்னேன். கணக்குல என்ன கோபம்? ஸ்பேனர், கழட்டினதை அந்தப் பழைய இரும்புத் தராசுல போட்டுப் பாரு.

— பன்னெண்டு கிலோ சார். ஸ்டெப்னியும் ஜாக்கியும் முன்னமே போச்சு, ஏ.சி. மொத்தமும் போச்சு, பக்கத்துக் கண்ணாடியும் போச்சு. இனிமே கழட்டறதுக்கு ஸ்டீயரிங்தான் சார் மிச்சம்.

— முன்சீட்டு இருக்குதே. என்னுது இல்லடா, பக்கத்து சீட்டு.

— அப்ப அக்கா எங்க சார் உக்காருவாங்க?

— அந்த மூலையில பிளாஸ்டிக் நாற்காலி ஒண்ணு கிடக்குதே, அதோட காலை வெட்டிட்டு போல்ட் போட்டு முறுக்கு. ராணி மாதிரி வருவா. ஏய், நீயும் அந்தத் தராசுல ஏறு பாப்போம்.

— மறுபடியுமா? பழைய இரும்பு நிறுக்கற தராசுலயா?

— இரும்பு பேசாம ஏறுது. உனக்கு மட்டும் எதுக்கு இவ்வளவு பேச்சு? ஏறு.

— அம்பத்தேழு சார்! அக்கா, போன தடவை அறுபத்தாறு இல்ல? சத்தியமா சொல்றேன் சார், வண்டியை விட அக்காதான் நல்லா குறையறாங்க!

— பாத்தியா? ராத்திரி சோத்தைக் குறைன்னு சொன்னப்ப மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டே. இப்ப ஊரே பாராட்டுது.

— நான் எங்கங்க குறைச்சேன்? உள்ள இறங்க மாட்டேங்குது. வயித்துல கல்லைக் கட்டின மாதிரி இருக்குதுன்னு எத்தனை தடவை சொல்லிட்டேன்! அதுக்குத்தானே ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு நச்சரிக்கறேன்.

— போலாம், யார் வேண்டாங்கறா? அதாவது, டேங்கை வாய் வரைக்கும் நிரப்பி, சுத்தமாத் தீரற வரைக்கும் ஓட்டி, மறுபடி நிரப்பினாத்தான் லிட்டருக்கு எவ்வளவு குடுக்குதுன்னு தெரியும். நடுவுல ஆஸ்பத்திரிக்குன்னு ஊருக்குள்ள நுழைஞ்சா எட்டு சிக்னல். நின்னு நின்னு கிளப்பினா மொத்தக் கணக்கும் நாசம். இந்த டேங்க் முடியட்டும். அப்படி என்ன அவசரம்?

— போன டேங்குக்கும் இதையேதான் சொன்னீங்க.

— போன டேங்குல இருபத்திரண்டுதான் குடுத்துது. சகலையோட புது வண்டி இருபத்தேழு குடுக்குது. உன் தங்கச்சி புருஷன், அத்தனை பேருக்கு முன்னாடி என் வண்டி மூஞ்சியில தட்டி, ‘அண்ணே, இதை எடைக்குப் போட்டா ஒரு சைக்கிள் தேறும்’னானே, மறந்துட்டியா? நீயும் சிரிச்சே.

— நான் சிரிக்கலைங்க.

— பல்லு தெரிஞ்சுது. முப்பது எடுத்துக் காட்டற வரைக்கும் இந்த வண்டி ஊருக்குள்ள நுழையாது.

— சரி சரி. அப்ப நான் பஸ்ல போயிட்டு வந்துடறேன்.

— தனியாப் போனா அந்த டாக்டர் சொல்ற டெஸ்டுக்கெல்லாம் தலையாட்டிட்டு வந்து நிப்பே. நான் கூட வந்து நாலு கேள்வி கேட்டாத்தான் சரிப்படும். அது வரைக்கும் வாயையும் வயித்தையும் மூடிக்கிட்டு இரு.

— அக்கா, கொஞ்சம் இறங்குங்க. இந்த சைலன்சரை நிறுக்கணும்.

*

— ஜன்னலை ஏத்து. எத்தனை தடவை சொல்றது?

— வேகுதுங்க. தங்கச்சி வீட்டுலேர்ந்து கிளம்பினதுலேர்ந்து மூச்சு முட்டுது.

— ஜன்னலைத் திறந்தா காத்து உள்ள புகுந்து வண்டியைப் பின்னாடி பிடிச்சு இழுக்கும். ஏத்து. இப்ப இறக்கம் வருது, என்ஜினை அணைக்கறேன். பாரு, பஞ்சு மாதிரி போகுது. ஒரு சொட்டு செலவில்ல.

— பின்னாடி லாரிக்காரன் ஹார்ன் அடிச்சே கொன்னுடுவான் போல இருக்குதே.

— அடிக்கட்டும். டீசல் குடிக்கறவனுக்கு நம்ம அருமை எங்க தெரியும்? என்ன, மூஞ்சியே சரியில்ல?

— வாசல்ல கதவைத் திறந்து வச்சு எல்லாருக்கும் அந்த நாற்காலியைக் காட்டினீங்களே, அது தேவையா? தங்கச்சி சிரிக்கலை தெரியுமா? என்னைத் தனியாக் கூட்டிக்கிட்டுப் போய், ‘என்னக்கா, நிழல் மாதிரி ஆயிட்டே’ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டா.

— பொறாமை. அவ நல்லா பூரிச்சுக் கிடக்கறா, உன்னைப் பாத்தா வயிறு எரியாதா?

— ஏங்க, அதோ அந்தப் பாலத்துல இடப்பக்கம் இறங்கினா ஆஸ்பத்திரி பத்தே நிமிஷம். இவ்வளவு தூரம் வந்தாச்சு. ஒரு எட்டு காட்டிட்டுப் போயிடலாமே.

— ஆரம்பிச்சுட்டியா? பெட்ரோல் முள்ளு எங்க இருக்குதுன்னு பாரு.

— பாதிகூட இறங்கலை. மாசம் ஒண்ணாச்சு. ராத்திரி எழுந்து வந்து அந்த முள்ளைப் பாத்துட்டுப் போறேங்க. தீரவே மாட்டேங்குது.

— தீரக் கூடாதுன்னுதானே இவ்வளவு பாடு! நியாயமாப் பாத்தா நீ சந்தோஷப்படணும்.

— கொஞ்சம் நிறுத்துங்க.

— எதுக்கு?

— குமட்டுது. வாந்தி வந்துடும் போல இருக்குது.

— இப்பவா? வண்டி தானா உருண்டுக்கிட்டு இருக்குது. இப்ப நிறுத்தினா மறுபடி ஒண்ணாவது கியர்லேர்ந்து கிளப்பணும். மேடு வரட்டும், அது வரைக்கும் அடக்கு. முடியலைன்னா காலடியில பை இருக்குது.

— இதுல உங்க டிபன் பாக்ஸ் இருக்குதே...

— அதை வெளிய எடுத்து வச்சுட்டு எடு. ம். ஆச்சா?

— ஆச்சு.

— ஆச்சுன்னா பையை மூடேன். அதையே எதுக்கு உத்து உத்துப் பாக்கறே?

— ரத்தம் மாதிரி இருக்குதுங்க.

— உன் தங்கச்சி பீட்ரூட் பொரியல் வச்சிருந்தாளே, அதுதான்.

— நான் ஒரு வாய்கூட வைக்கலைங்க.

— வைக்காம எப்படி வெளிய வரும்? காலி டேங்குலேர்ந்து பெட்ரோல் வருமா? முடிச்சுப் போடு, நாறுது. ஜன்னலைத் திறந்துடாதே!

*

— இன்னும் படுக்கையிலதான் கிடக்கறியா? எழுந்து உக்காரு. ஸ்பேனர், வாடா உள்ள. நீயே சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டா.

— முப்பத்தொண்ணு அக்கா! சத்தியமா சொல்றேன், பங்க்ல நானே குழாயைப் பிடிச்சு நிரப்பினேன். அதே பங்க், அதே மிஷின், சொட்டு வெளிய தளும்பற வரைக்கும். லிட்டருக்கு முப்பத்தொண்ணு!

— அங்கேருந்தே சகலைக்குப் போன் போட்டேன். முப்பத்தொண்ணான்னு ரெண்டு தடவை கேட்டான். அப்புறம், ‘அந்த நாற்காலி என்ன விலை அண்ணே’ங்கறான். எரிச்சல், வேறென்ன? என்ன, சந்தோஷம்தானே?

— சந்தோஷமா இருக்குதுங்க. நீங்க இப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல.

— சரி, சொன்ன சொல் மாற மாட்டேன். செருப்பை மாட்டு. இன்னிக்கு எட்டு சிக்னல்லயும் நின்னே போறேன். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு.

— போங்கக்கா, சார் நல்ல மூடுல இருக்கார், விட்டுடாதீங்க.

— போயிட்டு வந்துட்டேங்க.

— எங்க?

— ஆஸ்பத்திரிக்குத்தான். போன வாரம் மலை ரோட்டுல ஓட்டிப் பாக்கணும்னு ரெண்டு பேரும் கிளம்பிப் போனீங்களே, அன்னிக்கு. பஸ்ல போனேன். என்னைப் பாத்ததும் ஒரு பொண்ணு சட்டுனு எழுந்து இடம் குடுத்துட்டா. மெத்துன்னு இருந்துது அந்த சீட்டு.

— என்னைக் கேக்காமயா? அதாவது... சரி, போனது போச்சு. டாக்டர் என்ன சொன்னான்?

— முதல்ல தராசுல ஏறச் சொன்னார். நாப்பத்தாறு. உங்க நினைப்புதான் வந்துது. பக்கத்துல ஸ்பேனர் தம்பி நின்னு கை தட்டற மாதிரி இருந்துது.

— அக்கா, நான் சும்மா விளையாட்டுக்கு...

— நீ வெளிய போய் நில்லுடா. ம், சொல்லு. அப்புறம்?

— ஏம்மா இவ்வளவு நாளாக் காட்டாம இருந்தீங்கன்னு கேட்டார். டேங்க் முடியலைங்க டாக்டர்னு சொன்னேன். அவருக்குப் புரியலை.

— வெளி ஆளுகிட்டப் பேசற பேச்சா இது? ஆபரேஷன் பண்ணணுமாமா? பண்ணிடலாம். நான் வந்து பேசறேன்.

— வயித்துல கட்டியாம், ஆபரேஷன் பண்ற கட்டம் தாண்டிடுச்சாம். நம்ம வண்டி மாதிரி இல்லையாம், இதுல கழட்டறதுக்கு ஒண்ணும் மிச்சமில்லையாம்.

— மருந்து? எவ்வளவு நாளைக்கு எழுதிக் குடுத்திருக்கார்?

— வலி தெரியாம இருக்க மாத்திரை குடுத்திருக்கார். வேற எதுவும் வேண்டாம்னுட்டார்.

— வேண்டாம்னா? அதாவது... நாள் கணக்கு ஏதாவது சொன்னாரா?

— அவர் மாசக் கணக்குல சொன்னார். நமக்கு அதெல்லாம் பழக்கமில்லையே, நான் அதை உங்க கணக்குல போட்டுப் பாத்துக்கிட்டேன். இப்ப வாய் வரைக்கும் நிரப்பிட்டு வந்திருக்கீங்களே, சரியா அந்த ஒரு டேங்க் வருது. மெதுவாவே ஓட்டுங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.