துடைத்தும் போகாத வெள்ளை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் ஒரு நாள், சங்கரன்கோவில் ரயில் நிலையத்தில் ராஜபாளையம் டிக்கெட்டுக்காக வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு அப்பாவும் மகளும். மகள் சென்னையில் பல் மருத்துவம் படிப்பவள். விடுமுறை முடிந்து திரும்புகிறாள் என்பது பேச்சில் தெரிந்தது.

“அப்பா, இன்னொரு தடவ வாயத் திறங்க,” என்றாள்.

“பல்லுக்குத்தானட்டி படிக்கே? கன்னத்த ஏன் பாக்கே?”

“உள்கன்னத்துல வெள்ளையா இருக்கு. துடைச்சாலும் போகல.”

“வெத்தல, பொகையில போடுத எல்லாருக்கும் இருக்கும்.”

“எங்க ஆஸ்பத்திரிக்குப் புத்துநோயோட வந்த ஒருத்தரும் இப்படித்தான் சொன்னாரு.”

“அவரு இப்ப எப்படி இருக்காரு?”

அவள் குனிந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். வரிசை நகர்ந்தது. அவர் நகரவில்லை. நானும் நின்றேன்.

“எனக்கும் அதுதானா மக்கா?”

“தெரியலப்பா. நான் ரெண்டாம் வருசந்தான். எங்க புரொபசர் பாத்தாத்தான் தெரியும். எனக்குப் பயமா இருக்கு. இன்னைக்கே எங்கூட வாங்க.”

“அம்மைகிட்ட சொன்னியா?”

“இல்ல.”

“சொல்லாத. மெட்ராசுல ஒரு சோலின்னு நான் கடுதாசி போட்டுக்கிடுதேன்.”

ஜன்னலருகே வந்ததும் மடியிலிருந்த வெற்றிலைப் பொட்டலத்தை எடுத்து மகள் கையில் கொடுத்தார். “மெட்ராசுக்கு ரெண்டு,” என்றார். டிக்கெட் கொடுப்பவருக்காக இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.